நல்ல நேரத்தில் ஏறிய படகு

எங்கள் கடையை அடைக்க வேண்டும் என்றால் யாராவது சாக வேண்டும். இதை நான் சொல்லவில்லை, என் மாமனார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவருடைய அப்பா இறந்தபோது இரண்டு நாள் அடைத்தாராம். என் மாமியார் இறந்தபோது அரை நாள். அதுவும் பாடையைத் தூக்கின கொஞ்ச நேரத்தில் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டார் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தீபாவளி, பொங்கல், மழை, வெள்ளம் எதற்கும் அந்த ஷட்டர் இறங்கியதில்லை.

திருவொற்றியூரில் கீழே மளிகைக் கடை, மேலே வீடு. மாமனார், என் கணவர், அவருடைய அண்ணன் மூன்று பேரும் கீழே இருப்பார்கள். அண்ணன் மனைவியும் நானும் மேலே சமைப்போம். கரிசல் காட்டில் பிறந்து, கடலையே பார்க்காமல் கல்யாணமாகி வந்தவள் நான். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கடல் தெரியும். மீனவர்கள் எல்லாரும் மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசி அது. ஆனாலும் காலையில் ஒன்றிரண்டு பாய்ப் படகு தூரத்தில் போகும். அதைப் பார்த்துக்கொண்டே நின்று, கீழே பால் பொங்கி, வாங்கிக் கட்டிக்கொண்டது பல நாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பாய்க்குக் கீழே உட்கார்ந்து போக வேண்டும். வேறு எதையும் அந்த வீட்டில் நான் கேட்டதில்லை, கேட்டாலும் கிடைத்ததில்லை.

ஒரு பெரிய லீவில் சோறு போடும்போது பேச்சை எடுத்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு படகை வாடகைக்குப் பேசிப் பழவேற்காடு போய்விட்டு வரலாமே என்றேன். என் கணவர், "பாப்போம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு 'மாட்டேன்' என்று பொருள். மாமனார் ரசத்துக்குக் கையை நீட்டினார். என் கணவரின் அண்ணன், பெரிய அத்தான் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் போட்டியாக இருந்த எண்ணெய்க் கடைக்காரர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் வந்து, அங்கே எடுத்த போட்டோவைக் கடையில் மாட்டியிருந்தார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உதவியது. நாலு நாள் கழித்து அதே சாப்பாட்டில் பெரிய அத்தான், "நான் ஒரு யோசன வச்சிருக்கேன்" என்று என் யோசனையை எனக்கே எடுத்துச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

யோசனை அவருடையது, வேலை முழுக்க என்னுடையது. எண்ணூரிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் பின்வாசலில் கூடையை இறக்கும் அம்மாவிடம்தான் கேட்டேன். அவள் புருஷனிடம் கழிமுகத்தில் ஓட்டும் பாய்ப் படகு ஒன்று இருந்தது.

"ஞாயித்துக்கெயம சும்மாதாம்மா கீது. இட்டுகினு போவான். ஆனா ஒண்ணு, காலங்காத்தால வந்து குந்திகினு பேஜார் பண்ணாதீங்க. காத்து வந்தாத்தான் பாயி. பதினோரு மணி வாக்குலதான் கடக்காத்து எயும்பும். அதுவரிக்கும் தண்ணி பொணமாட்டம் கெடக்கும்" என்றாள்.

இதை நான் அப்படியே வீட்டில் ஒப்பித்தேன். யார் கேட்டார்கள்? மாமனார் காலண்டர்த் தாளைப் பார்த்து, ஏழரையிலிருந்து எட்டரை நல்ல நேரம், அதற்குள் படகு ஏற வேண்டும் என்று முடித்துவிட்டார். பன்னிரண்டுக்கு எமகண்டமாம், நாலரைக்கு ராகு காலமாம். காற்று எப்போது வரும் என்று காலண்டரில் போட்டிருக்கவில்லை.

"நேரம் நல்லா இருந்தா காத்து தன்னால வரும்" என்றார். இவர் சொல்லி வருவதற்குக் காற்று என்ன அரிசி மண்டித் தரகரா?

அதற்கப்புறம் பயணம் சுருங்க ஆரம்பித்தது. பழவேற்காட்டில் இரண்டு ராத்திரி என்று தொடங்கியது ஒரு ராத்திரியாகி, கடைசியில் காட்டுப்பள்ளி வரைக்கும் போய், சவுக்குத் தோப்பில் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவது என்று வந்து நின்றது. சரி, பாயும் தண்ணீரும் அதில் மாறப் போவதில்லை என்று நானும் பேசாமல் இருந்தேன். புளியோதரைக்குப் பொடி இடித்தேன். பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கினேன். அக்கா, அதாவது என் ஓரகத்தி, பட்டுச் சேலை கட்டலாமா என்று மூன்று தடவை கேட்டாள். நாற்றமடிக்கும் சேற்றில் இறங்கி ஏற வேண்டும் என்றேன். எனக்குப் பொறாமை என்று தன் அம்மாவிடம் போனில் சொன்னாள். வெளியே யாருக்கும் மூச்சு விடக்கூடாது, ஊர்க் கண் பட்டுவிடும் என்று மாமனார் உத்தரவு. நான் எதிர்வாடைப் பூக்காரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் மாமனார் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம கல்லாவுல யாரு?"

"ஒரு நாளு அடச்சிருவோம்ப்பா" என்றார் என் கணவர். அதுவரை அவர் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அது.

"கடைய அடச்சா ஊரு என்னல நெனைக்கும்? எளவு விழுந்துட்டுன்னுல்லா நெனைக்கும்! வேலக்காரப் பயலுவள நம்பிக் கல்லாவ விட முடியுமா?"

எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். பெரிய அத்தான் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அவ இருக்கட்டும். அவளுக்குத்தான் கணக்கெல்லாம் வரும்லா."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு நாத்தானே. அடுத்த தடவ நீ போய்க்கோ" என்றார்.

அடுத்த தடவையாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோது, கல்லாவில் நான் உட்காருகிறேன் என்று கேட்டேன். பொம்பளை கல்லாவில் உட்கார்ந்தால் லட்சுமி படியிறங்கிவிடுவாள் என்று மாமனார் அடித்துச் சொன்னார். இப்போது அந்த லட்சுமியும் இவர்களோடு படகில் போகிறாள் போலிருக்கிறது. "நான் தேடின படகு, நான் பேசின ஆளு" என்றேன். என் குரல் உடைந்தது எனக்கே பிடிக்கவில்லை. "அதுக்காக? கறிக் குழம்பு வச்சவளே எல்லாத்தையும் தின்னுருவாளா?" என்றாள் அக்கா. அவள் தட்டில் இருந்ததும் நான் வைத்த குழம்புதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வேனில் ஏறிப் போனார்கள். என் மகன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். அக்கா பட்டுச் சேலையில் இருந்தாள். மாமனார் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பருப்பை எடை பார்த்துப் போடச் சொன்னார்.

கல்லாவில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "அண்ணாச்சி இல்லியாம்மா?" என்று எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். வெளியே போயிருக்கிறார் என்றேன். உத்தரவு அப்படி. சீரகம் கொடுத்தேன், நல்லெண்ணெய் கொடுத்தேன், மனசுக்குள் ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லித் திட்டினேன்.

கடை முகப்பில் ஷாம்பு பாக்கெட் சரங்கள் தொங்கும். மத்தியானத்தில் அவை சலசலவென்று ஆடித் தலையில் இடிக்கும். அன்றைக்குப் பத்து மணி வாக்கில் அவற்றைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒரு சரம்கூட அசையவில்லை. வெயில் கொளுத்துகிறது, இலை ஆடவில்லை, சரங்கள் ஆணியடித்த மாதிரி நிற்கின்றன. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இங்கே பாக்கெட் ஆடவில்லை என்றால் எண்ணூரில் பாய் எப்படி ஆடும்? நல்ல நேரத்தில் ஏறினவர்கள் எல்லாரும் ஏறின இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். வேலையாட்கள் இருவரையும் கூப்பிட்டு, இன்றைக்கு லீவு, சினிமாவுக்குப் போங்கள் என்றேன். நம்ப மாட்டாமல் நின்றார்கள். ஷட்டரை இழுக்கச் சொன்னேன். அது இறங்கின சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பூக்காரம்மா ஊசியும் நூலுமாக எழுந்து நின்றாள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பூட்டி, கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. பாதி வழியில் என் முந்தானை லேசாகத் தூக்கியது. கடற்காற்று! அந்தக் காற்றுக்காக அத்தனை வருஷம் காத்திருந்தவள், இன்னும் கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று அதையே கெஞ்சினேன். ஆட்டோக்காரரையும் விரட்டினேன்.

கழிமுகத்தில் நான் நினைத்தபடியே இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் நிறத் தண்ணீரில் படகு கரையோரமாகவே நின்றது. குடைக்குக் கீழே மாமனார். பட்டுச் சேலையில் முழங்கால் வரை சேறு பூசின அக்கா. புளியோதரை அங்கேயே தீர்ந்துவிட்டிருந்தது. பெரிய அத்தானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும். படகுக்காரர் அப்போதுதான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மகன்தான் முதலில் என்னைப் பார்த்து, "அம்மா!" என்று கத்தினான். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

"வாம்மா, உனுக்கோசரம்தான் காத்து இம்மா நேரம் நின்னுகினு இருந்துது போல" என்று படகுக்காரர் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டார்.

"கடையில யாரு இருக்கா?" என்றார் மாமனார்.

"யாரும் இல்ல. பூட்டிட்டு வந்துட்டேன்."

அவர் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. எழுந்திருக்கப் பார்த்தார், படகு ஆடியது, உட்கார்ந்தார். "திருப்புவே! படகத் திருப்பு!" என்று கத்தினார். அதற்குள் பாய் புடைத்துக்கொண்டு, கரை விலகிவிட்டது.

"காத்து புச்சிகிச்சி பெருசு. காலைலேர்ந்து காத்து எங்க, காத்து எங்கன்னு என் உயிர வாங்குனல்ல? இந்தா, வந்துகீது. கம்முனு குந்து" என்றார் படகுக்காரர்.

என் கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "ஒரு நாத்தானே" என்றேன். மூடிக்கொண்டார். நான் பாய்க்கு நேர் கீழே போய் உட்கார்ந்தேன். தைத்துத் தைத்து நிறம் மாறின பழைய பாய் அது. மோட்டார் சத்தமில்லை, படகின் அடியில் தண்ணீர் மட்டும் சளசளத்தது. மின்நிலையப் புகைபோக்கிகள் மெல்லப் பின்னால் போயின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தனை முறைப்புக்கு நடுவில் உட்கார்ந்து நான் சிரித்துக்கொண்டே போனேன். காட்டுப்பள்ளித் தோப்பில் சாப்பிட ஒன்றும் மிச்சமில்லை. எனக்குப் பசிக்கவும் இல்லை. வரும்போது காற்று எதிர்த்ததால் படகுக்காரர் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். ராகு காலம் முழுவதும் நாங்கள் தண்ணீரில்தான் இருந்தோம். மாமனார் அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

வேன் எங்கள் தெருவில் திரும்பியபோது கடை வாசலில் கூட்டம். டீக்கடை பெஞ்சுகள் எல்லாம் எங்கள் வாசலில் கிடந்தன. தோளில் துண்டோடு வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடைகள் மரியாதைக்குப் பாதி ஷட்டரை இறக்கியிருந்தன. எங்கள் ஷட்டரின் பூட்டில் ஒரு ரோஜா மாலை, கீழே சாய்த்து வைத்த மாலைகள் இன்னும் நிறைய. கல்லாவில் பொம்பளை உட்கார்ந்ததையும், ஷட்டர் இறங்கினதையும், நான் பதில் சொல்லாமல் ஆட்டோவில் ஓடினதையும் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

மாமனார்தான் முதலில் இறங்கினார். யாரோ ஒரு அம்மா வீலென்று கத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருசேர எழுந்தார்கள்.

"யாருக்குவே மால?" என்றார் மாமனார்.

எண்ணெய்க் கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்றார்.

இப்போது மாமனார் வெடிக்கப் போகிறார் என்று நான் நின்றேன். வெடிக்கவில்லை. அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "அரிசி மண்டிக்காரரும் வந்திருக்காரே" என்றார். சாவுக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று தெரிந்ததில் மனிதருக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. என்னைத் திட்டும் ஞாபகம் மறுநாள்தான் வந்தது. அவரைச் சுற்றி எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பெரிய அத்தான், தான் போட்ட திட்டம் என்று படகுக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

நான் தெருவைத் தாண்டிப் பூக்காரம்மாவிடம் போனேன். அவள் கூடை காலியாக இருந்தது.

"எல்லா மாலையும் வித்துப்போச்சும்மா. நானும் பெருசுதான்னு நெனச்சி அயுதுட்டேன். அப்பால பெரிய புள்ளைக்குன்னாங்க. அப்பால உன் வூட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட்டுன்னு ஒர்த்தன் சொன்னான்."

"எனக்குன்னு யாரும் சொல்லலையா?"

அவள் சாக்கை மடித்துக்கொண்டே, கள்ளமில்லாமல்தான் சொன்னாள்.

"உனுக்கா? நீதான் ஆட்டோல போனியே, நான் பாத்தேனே. அப்டியே நீ செத்துப்பூட்டாலும், உனுக்கு இன்னாத்துக்கும்மா கடைய மூடப் போறாங்க?"

நான் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து அவளிடம் காட்டினேன்.

"இன்னைக்கு எனக்காகத்தான்க்கா மூடினது. நான்தான் மூடினேன்" என்றேன்.