பழுது எங்கே என்று மட்டும்தான் கேட்டார்கள்

பகுதிநேரமாக மின் மற்றும் இலத்திரனியல் பொறியியல் படிப்பவன் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன். மன்னார்த் தீவில் எங்கள் கீரிக் கிராமத்து அயலவர்கள் சுருக்கமாகக் "கொலிச்சுப் பெடியன்", கல்லூரிப் பையன், என்பார்கள். தலை பாதி நரைத்த பிறகு கிடைத்த பட்டம். கிழமை நாட்களில் ஐஸ் தொழிற்சாலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சனி, ஞாயிறு மன்னார் நகரில் வகுப்பு. முதல் நாள் ஒரு மாணவன் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நான் மறுக்கவில்லை. உண்மையான ஆசிரியர் வரும்வரை அந்த மரியாதையை அனுபவித்தேன்.

எழுத்துப் பரீட்சைகளில் எப்படியோ கரையேறிவிட்டேன். செய்முறைப் பரீட்சைதான் காலை வாரியது. ஒருமுறை கோட்டை விட்டேன். இரண்டாம் முறைக்குப் புறப்பட்டபோது மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "இதுதான் கடைசி. இந்த முறையும் விட்டால் இனிச் சனி, ஞாயிறு வீட்டில நில்லுங்கோ. எனக்கு ஏலாது."

நான் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டையும் தன் தையல் வேலையையும் தனியாக இழுத்தவள். சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. எனக்கோ அந்தச் சான்றிதழ் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் படித்தவன் என்று ஒரு கடதாசியாவது சொல்லவேண்டும் என்று ஆசை.

பரீட்சை மேசையில் ஒரு பலகை. அதில் சிறிய மோட்டார், சுவிட்சுகள், வயர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடவேண்டும், ஓடாது. பரீட்சகர் வேண்டுமென்றே ஓரிடத்தில் பழுது வைத்திருப்பார். மீற்றரால் அளந்து, எங்கே, என்ன பழுது என்று சொன்னால் போதும்.

எங்கள் தீவில் உப்புக்காற்று விட்டுவைத்த செம்புக் கம்பி கிடையாது. அதனால் எது ஓடாவிட்டாலும் இங்கே கரண்டு வேலை செய்பவர்கள் மீற்றரைத் தேடுவதில்லை. பேனாக்கத்தியை எடுத்து, இருக்கிற திருகாணிகளையெல்லாம் கழற்றி, வயர் நுனிகளைப் பச்சைக் களிம்பு போகச் சுரண்டி, திரும்பப் பூட்டுவோம். பெரும்பாலும் ஓடிவிடும். ஏன் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை.

பரீட்சகர் அடுத்த மேசைக்குப் போனார். நான் மின்சாரத்தை நிறுத்தினேன். அந்தளவு புத்தி இருந்தது. பிறகு என்னைக் கேட்காமலே கை வேலையைத் தொடங்கிவிட்டது. கடல் பக்கமே போயிராத புத்தம்புதுச் செம்பை ஒவ்வொரு நுனியாகச் சுரண்டினேன். எல்லாவற்றையும் பூட்டி, மின்சாரத்தைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினேன். மோட்டார் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கையை உயர்த்தி, "சேர், முடிஞ்சுது!" என்றேன்.

பரீட்சகர் வந்து பார்த்தார். "ஓடுது. சரி. பழுது எங்க இருந்தது?"

பலகையைப் பார்த்தேன்; எல்லா நுனியும் ஒரே மாதிரிப் பளபளத்தன.

"இருந்தது, சேர்."

"எங்க எண்டுதான் கேக்கிறன்."

"இப்ப இல்லை, சேர்."

அவர் பலகையைக் குனிந்து பார்த்தார். ஒரு வயர் நுனியில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, கரண்டு போகாமல் மறித்து வைத்திருந்தாராம். மற்ற நுனிகளோடு சேர்த்து அதையும் நான் சுரண்டி எறிந்துவிட்டேன்.

"நான் திருத்தச் சொல்லேல்லையே," என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைத்தான் தாங்க முடியவில்லை. பூச்சியம் போட்டார்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மனைவி தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"நீ சொன்ன மாதிரி இனிப் போகேல்லை," என்றேன்.

"எனக்குத் தலையிடி எண்டால் உடனே பனடோலைத் தாறியள். அழுதால் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறியள். என்ன நடந்தது எண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களே?"



அவள் துணியைத் திரும்ப ஊசிக்குக் கீழே வைத்தாள். "அதைக் கேக்க அங்க பழக்குவினமெண்டால், இன்னொருக்காப் போங்கோ," என்றாள்.