பனி ஊரில் அலை அடிக்கும் குளம்

கியிம்யிண்டைங் துறையில் அக்கரைப் படகுக்குக் காத்திருக்கிறேன். என் தமிழைக் கேட்டு நெருங்கி வந்த பர்மியத் தமிழ்ப் பெண் மா செல்வி கைபேசியில் ஒரு காணொளி காட்டுகிறாள். வெளியே முழங்காலளவு பனி; கண்ணாடிக் கூரைக்குள் வெந்நீர்க் குளம், செயற்கை அலை, கும்மாளமிடும் பிள்ளைகள். விசிலோடு காவல் நிற்பவர் அவள் கணவர். இதே ஆற்றில் படகோட்டியவர், இப்போது ஜப்பானில் இருக்கிறார்.

"குளிர் ஊர்லயெல்லாம் இப்ப இப்படித்தான் கட்டறாங்களாம், அண்ணே. நீந்தத் தெரிஞ்சா எனக்கும் வேலை கிடைக்குமாம்."

"தெரியுமா?"

"தண்ணின்னாலே பயம். இப்பத்தான் பழகுறேன்."

படகு வருகிறது. அவள் ஏறவில்லை. லுங்கியை இறுக்கிக்கொண்டு, பழுப்பு நீரில் மார்பளவு இறங்குகிறாள். படகு நகரும்போது அவள் கால் தரையை விடுகிறது. இரண்டு வீச்சு மிதந்து, எழுந்து இருமுகிறாள். மறுபடியும் கைகளை நீட்டுகிறாள்.