கோட்டைக்கு வெளியே ஓர் ஊர்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் வெஸ்ட் வின்ட்சர் அபார்ட்மென்ட் ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தியவள் நான். இங்கே எச்-ஃபோர். கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வரலாம், சாப்பிடலாம், தூங்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. அவர் காலை ரயிலைப் பிடிக்க ஓடியதும் பாத்திரம் கழுவிவிட்டு நூலகத்துக்கு நடப்பேன்.

அங்கேதான் வயதான ஓர் இங்கிலாந்துக்காரர் பழக்கமானார். எங்கள் கட்டடத்திலேயே கீழ் வீடு. மனைவியை இழந்தவர். தான் பிறந்த சின்ன கிராமத்தின் வரலாற்றை எழுத அவருக்கு ஆசை. அச்சடிக்க அந்த ஊர் சர்ச்காரர்கள் தயார். ஆனால் அவருக்குக் கை நடுக்கம். பெட்டி பெட்டியாகக் காகிதம், ஒழுங்கு மருந்துக்கும் கிடையாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அடுக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

அடுக்கப் போனவள் எழுத ஆரம்பித்தேன். அந்தக் கிராமத்தில் ரோமானியர் போட்ட நேர் சாலை, அதன் ஓரம் ஒரு சிறு கோட்டை. பெரியவர் கோட்டைப் பெருமையே பேசுவார். எனக்கு அதில் ஆர்வமில்லை. கோட்டை போய்விட்டது, ஊர் முளைத்தது அதற்கு வெளியே. சிப்பாய்கள் கல்யாணம் செய்துகொள்ள அன்றைய சட்டம் இடம் தரவில்லை. செய்யாமல் இருப்பார்களா? பெண்களும் பிள்ளைகளும் மதிலுக்கு வெளியே குடிசை போட்டு, ரொட்டி சுட்டு, துணி நெய்து பிழைத்தார்கள். படை கிளம்பிப் போனதும் மிச்சமிருந்தவர்கள் கோட்டைக் கல்லைப் பெயர்த்துப் பன்றித் தொழுவம் கட்டினார்கள். அதைப் படித்துவிட்டு நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். பிற்பாடு சர்ச் சுவருக்கும் அதே கல்தான். பிறகு கொள்ளைநோய் பாதி ஊரை வாரிக்கொண்டு போனது. ரயில் வந்தது, அங்கே நிற்கவில்லை.

அந்தப் பெண்களிடமிருந்து புத்தகத்தைத் தொடங்கலாம் என்றேன். பெரியவர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு ஒத்துக்கொண்டார். மூன்று குளிர்காலம் எழுதினேன். அமெரிக்காவில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அச்சுக்குப் போகும் நேரத்தில், அட்டையில் தன் பெயருக்கு முன்னால் என் பெயர் வர வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். ஓடி வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? எச்-ஃபோர்ல இருந்துட்டு புக்ல பேர் போடுவியா? வேலை செஞ்சேன்னு நீயே ப்ரூஃப் குடுக்கறியா? கிரீன் கார்டு ப்ராசஸ் ஓடிட்டிருக்கு!"

"சம்பளமே வாங்கலீங்களே."

"அது இமிக்ரேஷன்காரனுக்குத் தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக்கில் விசாரித்தோம். எங்களுக்கெல்லாம் வக்கீல் ஆபீஸ் அதுதான். சாம்பார் சாதத் தட்டோடு ஆளுக்கொரு தீர்ப்பு. ஒரு ஆன்ட்டி சொன்னார்: "வேணாம்மா. இங்க பக்கத்துல ஐசலின்ல ஒரு பொண்ணு, ஃப்ரெண்டு கடையில சும்மா நின்னுச்சாம். அதுக்கே விசா ஸ்டேட்டஸ் போச்சாம்."

அந்தப் பெண் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவளுடைய கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் பெரியவரிடம் என் பெயர் வேண்டாம் என்றேன். நன்றியுரையில் ஒரு வரி என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். தன்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார். அழுதுவிட்டேன். புத்தகம் அவர் பெயரில் மட்டும் வந்தது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

ஒருவழியாக எனக்கு வேலை செய்ய அனுமதி மட்டும் வந்தது. அதை வாங்கித் தந்த வக்கீலம்மாவிடம் பேச்சுவாக்கில் புத்தகக் கதையைச் சொன்னேன். காசு வாங்காமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவியதை யார் கேட்கப்போகிறார்கள், தாராளமாகப் பெயர் போட்டிருக்கலாமே என்றார். அந்த ஆன்ட்டியின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கணவர் மேலும்தான்.

பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்த ஆள் தேடினார்கள். இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று துறைத் தலைவி கேட்டார். புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. அருமை, இதில் நீங்கள் எழுதியது எது என்றார்.

எல்லாமே என்றேன்.

அட்டையைப் பார்த்தார். முன்பக்கம், நன்றியுரை, பின்னட்டை எல்லாம் பார்த்தார். ஆசிரியரிடம் பேசலாமா என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். இறந்தவருடைய உழைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது சரியல்ல என்றார்.

கணவர் காரில் காத்திருந்தார். "என்ன ஆச்சு?"

"என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க."

வண்டியைக் கிளப்பினார். "இனிமே அந்த புக்கை யார்கிட்டயும் காட்டாத," என்றார். "கிரீன் கார்டு இன்னும் வரல."