காற்றிறக்கும் நோரீன்

காலை ஏழு மணிக்கெல்லாம் நோரீன் ஹாலரன் யாராவது ஒருவரின் வண்டியருகே குந்தி உட்கார்ந்திருப்பார். டயரில் காற்று அளவுமானியைச் செருகி, எண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். வண்டிக்காரர் வாயில் பல்துலக்கியோடு கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் போதும்.

"ராசா, முப்பத்தெட்டு வச்சிருக்கே. இது ரோட்டுக்கு. மணலுக்குப் பதினெட்டுதான், இல்லேன்னா புதைஞ்சிடும். காத்தை இறக்கட்டுமா?"

அறுபத்து நாலு வயது. மூக்கில் வெயிலுக்கு அப்பிய வெள்ளைப் பசை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் செருப்பு. கடற்கரை மணல்மேடுகளின் அடிவாரத்தில் இருக்கும் கேரவன் முகாமில் சாவி கொடுப்பது, ஐஸ் மூட்டை விற்பது, புதைந்த வண்டிகளைப் பழைய ஜீப்பால் இழுப்பது எல்லாம் அவரே. புதைந்தவர்களின் தொழிலைக் கேட்டு இடத்துக்குப் பெயர் வைத்துவிடுவார். பல் டாக்டர் பள்ளம், வக்கீல் சரிவு என்றால் இங்கே எல்லாருக்கும் வழி தெரியும். வாய் கொஞ்சம் நீளம்தான்.

போன ஜனவரி விடுமுறைக்கு டங்கன் வந்தான். சிட்னிக்காரன். மனைவி பெலிண்டா, இரண்டு பெண் குழந்தைகள், வாங்கி ஒன்பது நாளான வண்டி.

"காத்தெல்லாம் இறக்க வேணாம்மா. இது புது மாடல். தானே பாத்துக்கும்."

"மணலுக்கு மாடல் தெரியாதே, ராசா."

"அப்ப இன்னிக்குத் தெரிஞ்சுக்கட்டும்" என்றான். பக்கத்துக் கூடாரங்கள் சிரித்தன. நோரீன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு பெலிண்டா வெறுங்காலோடு ஓடி வந்தாள். ஒரு மணி நேரமாக வண்டி புதைந்து கிடக்கிறதாம். நோரீனைக் கூப்பிடக் கூடாது என்று டங்கன் பிடிவாதமாம். கடல் ஏற ஆரம்பித்துவிட்டது.

நோரீன் போய்ப் பார்த்தபோது சக்கரங்கள் அச்சுவரை உள்ளே. கயிற்றைக் கட்டி இருமுறை இழுத்தார். வண்டி ஒரு சாண் நகர்ந்து இன்னும் இறங்கியது. அடுத்த அலை கதவின் அடிவரை வந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார். குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

"விட்டுடு. புள்ளைங்களோட சாமானை எடு."

"இன்னும் ஒரு தடவை இழுங்க! ஒரே ஒரு தடவை!" டங்கன் இரண்டு கைகளாலும் மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தான். தோண்டத் தோண்ட நீர் நிறைந்தது.

"இழுத்தா என் வண்டியும் போயிடும். எந்திரிப்பா. உன் சின்னது அழுவுது பாரு."

அதற்குத்தான் எழுந்தான்.

பைகள், துண்டுகள், பிள்ளைகள் அலையில் மிதக்கும் நுரைப்பலகை எல்லாம் மேட்டுக்கு ஏறின. அரை மணியில் வண்டியின் என்ஜின் மூடியும் தண்ணீருக்குள் மறைந்தது. அதற்குள் முகாமே திரண்டு வந்துவிட்டது. முதலில் வண்டியைப் படமெடுத்தார்கள். பிறகு, சரிவில் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தவன் பக்கம் கைபேசிகள் திரும்பின.

"புது மாடல் நீச்சலும் அடிக்குது!" என்றான் ஒருவன். பெலிண்டா குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நோரீன் ஜீப்பைக் கிளப்பினார். கூட்டத்துக்கும் டங்கனுக்கும் நடுவே குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் திருகி அணைத்தார். முன்மூடியைத் தூக்கிவிட்டு, உரக்கத் திட்டியபடி என்ஜினுக்குள் தலையை விட்டார்.

"நோரீன் வண்டியே மக்கர் பண்ணுதுடோய்!"

"ஆமாடா! பல்லைக் காட்டாம வந்து பாரேன்!"

கூட்டம் ஆரவாரமாக அவரைச் சூழ்ந்துகொண்டது. கைபேசிகள் அவர் பக்கம் திரும்பின. அவர் நிமிரவில்லை. நன்றாக இருந்த ஒரு மரையைக் கழற்றி, முடுக்கி, மறுபடியும் கழற்றிக்கொண்டிருந்தார்.