மரநாய் மேஸ்திரியின் மூக்கு

சென்னப்பன் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது வீட்டுக்காரர்களின் மூக்கைத்தான். "வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா" என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது. ஹாலில் நிற்கும்போது அந்த மூக்கு எப்படி இருக்கிறது, படுக்கையறைப் பக்கம் திரும்பும்போது எப்படிச் சுருங்குகிறது, எந்த இடத்தில் சேலைத் தலைப்பு முகத்துக்கு ஏறுகிறது என்று கவனித்தபடியே கூட நடப்பார். பிறகு தலைக்கு மேலே ஓரிடத்தைக் கம்பால் தட்டி, "இங்கதாங்க கக்கூஸ் வெச்சிருக்குது" என்பார். பிரித்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

மரநாயின் கக்கூஸ். பெயரில்தான் நாய், உடம்பு பூனை மாதிரி, வால் மட்டும் உடம்பு நீளத்துக்கு. இருட்டினால் மாந்தோப்புக்குப் போய் நல்ல பழமாகப் பார்த்துத் தின்னும். பொழுது விடிந்தால் ஏதாவது ஒரு கூரைக்குள் புகுந்து தூங்கும். மிரட்டினால் வாலடியிலிருந்து ஒரு நெடியைப் பீய்ச்சும். அது பட்ட சட்டையைத் துவைப்பதைவிடப் புதைப்பது சுலபம். இண்டூரிலும் தருமபுரியிலும் இப்போது எல்லோரும் ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொள்கிறார்கள். அதைவிடச் சொகுசான வீடு மரநாய்க்கு எங்கே கிடைக்கும்? அந்தச் சீலிங்குகளில் பாதியைப் போட்டவர் சென்னப்பனே. "வூடு கட்டிக் குடுத்ததும் நானு, காலி பண்ணச் சொல்றதும் நானு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தொழிலுக்கு அவரைக் கொண்டுவந்தது கொரோனா. வந்தது, படுக்கப் போட்டது, போகும்போது மூக்கின் சக்தியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. டாக்டர்கள் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. கருவாட்டுக் குழம்பும் கஞ்சித் தண்ணியும் அவருக்கு ஒன்றாகிப்போயின. அந்தச் சமயத்தில்தான் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "நீ போட்ட சீலிங்குல மரநாய் குட்டி போட்டிருக்குதுய்யா, வந்து பாரு" என்று போனில் கத்தினார். கூட வந்த ஆட்கள் வாசலிலேயே வாந்தியெடுத்து ஓடிவிட, சென்னப்பன் மட்டும் ஏணியில் ஏறி, ஒன்றும் நடக்காதது போல வேலையை முடித்து இறங்கினார். அன்றிலிருந்து இந்தத் தொழில் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் நாற்றம் தெரியாதவனுக்கு நாற்றம் போனதும் தெரியாதே. அதற்குத்தான் மனைவி சுகுணா. கெட்ட பலகைகளைப் பிரித்தெறிந்து, வினிகரும் ஆப்ப சோடாவும் போட்டுத் தேய்த்து, வெயில் காட்டி முடித்ததும் சுகுணா உள்ளே போய் மோந்து பார்ப்பாள். "இன்னும் மூலையில இருக்குது" என்றால் மறுபடியும் தேய்ப்பார். வீட்டுக்காரர்கள் சாம்பிராணி போடலாமா என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "நாத்தம் போவாதுங்க, அதுவும் சேந்து சாமி கும்புடும்" என்பார்.

மரநாயை அவர் கொல்வதில்லை. "அடிச்சா பாரஸ்டுக்காரன் கேஸு போடுவான்" என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். உண்மையில் அவருக்கு மனசு வராது. சாயங்காலம் அது இரைக்குக் கிளம்பும் வரை காத்திருந்து, குட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இல்லை என்றால் மட்டுமே ஓட்டையை அடைப்பார். குட்டி இருந்தால் அவை நடக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வினை ஒரே மகள் சுசித்ராவின் வளைகாப்பில் வந்தது. சம்பந்தி வீடு கடத்தூர், விசேஷம் அங்கேயே ஒரு மண்டபத்தில். முதல் நாளே சுகுணா கூடமாட ஒத்தாசைக்குப் போய்விட்டாள். சென்னப்பன் ஒரு வேலையை முடித்துவிட்டு, சோப்புக் கரையக் கரையக் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு நேராகப் போனார். மோந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. பந்தியில் உட்கார்ந்தார். இடது பக்கத்து ஆள் தண்ணீர் கேட்கப் போனவர் திரும்பவில்லை. வலது பக்கத்து அம்மாள் பேரனைத் தேடி எழுந்தாள். எதிர்வரிசையை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை மூக்கும் அவருக்குத் தெரிந்த மாதிரியே சுருங்கியிருந்தன. போட்ட பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு, மண்டப வாசலில் டிரைவர்களோடு போய் நின்றுகொண்டார்.

சம்பந்தியம்மாள் தீர்த்தம்மாள் பொல்லாதவள் இல்லை. அவரிடம் முகம் சுளிக்கவும் இல்லை. சுகுணாவைத் தனியே கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. பச்சப்புள்ளைக்கு அந்த நெடி ஆவுமா? பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்" என்றாள். வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். அழைத்துவர வாடகைக்குப் பிடித்த வேன் சென்னப்பனையும் சுகுணாவையும் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே சென்னப்பன் ஏணியையும் சாமான்களையும் கொல்லிமேட்டில் தன் நிலத்திலிருந்த மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனார். வேலைத் துணிகளை எரித்தார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். தலையணைகளைப் பிரித்துப் பஞ்சைக் காய வைத்தார். வந்த வேலைகளையெல்லாம் வேண்டாம் என்றார். கடைசியில் கடத்தூருக்குப் போன் போட்டார். "நீங்களே வந்து பாருங்க சம்பந்தியம்மா. மூலை முடுக்கெல்லாம் மோந்து பாருங்க. ஒரு துளி நாத்தம் இருந்தாலும் எம்பொண்ண அனுப்ப வேணாங்க."

தீர்த்தம்மாள் வந்தாள். பீரோவைத் திறந்தாள், போர்வையை எடுத்து முகர்ந்தாள். சென்னப்பன் வாசலில் நின்று ஜன்னல் வழியே அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதியவன்கூட அப்படி வாத்தியாரைப் பார்த்திருக்க மாட்டான். அந்த மூக்கு அசையவே இல்லை. "நாளைக்கே கூட்டிக்குங்க" என்றாள் அவள்.

சுசித்ரா வந்தாள். தருமபுரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சென்னப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தொட்டில் கட்டினார், வெந்நீர் போட்டார். ஆனாலும் தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நிற்பார். தூக்கச் சொன்னால், "கழுத்து நிக்கட்டும்மா" என்று சாக்குச் சொல்வார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தருமபுரி மாதவராஜ் கூப்பிட்டார். அவருடைய புது வீட்டுச் சீலிங்கும் சென்னப்பன் போட்டதே. "சென்னப்பா, நாங்களே பட்டப்பகல்ல ஓட்டைய சிமெண்ட் வெச்சுப் பூசிட்டோம். அது வெளிய போயிருக்கும்னு பாத்தா உள்ளருந்து பிராண்டுது."

"பகல்ல தூங்கற ஜீவனுங்க அது! தூங்கறதோட சேத்தா பூசி வெச்சீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார் சென்னப்பன். "குட்டிச் சத்தம் கேக்குதாங்க?"

"கீச்சு கீச்சுன்னு கேக்குது."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் திண்டாடினார். போனால் நெடி ஒட்டும். போகாவிட்டால் தாயும் குட்டிகளும் அங்கேயே செத்து நாறும். உள்ளே சுசித்ரா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அதுவும் புள்ள பெத்தவதானே, போயிட்டு வாங்க" என்று சுகுணாதான் அனுப்பினாள்.

போய்ப் பூச்சை உடைத்தார். பயந்துபோயிருந்த தாய் மரநாய், காப்பாற்ற வந்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை பீய்ச்சிவிட்டது. ஓட்டையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, "குட்டிங்க நடக்கற வரைக்கும் பொறுத்துக்குங்க" என்று மாதவராஜிடம் சொல்லி இறங்கினார். வீட்டுக்கு வரவில்லை, மோட்டார் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். தொட்டித் தண்ணீரில் குளித்தார், சீயக்காய் போட்டார், புளி போட்டுத் தேய்த்தார், தோல் எரிந்தது. சோறு கொண்டுவரும் சுகுணா ஒவ்வொரு தடவையும் தோளில் மோந்துவிட்டு, "இன்னும் இருக்குதுங்க" என்பாள். சோற்றை வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு காலையில் வரப்பில் கொலுசுச் சத்தம் கேட்டது. தலைக்குத் துணி கட்டிக்கொண்டு சுசித்ரா குழந்தையோடு வந்துகொண்டிருந்தாள்.

"வராதம்மா, அங்கியே நில்லு! பச்ச ஒடம்போட இப்பிடியா வெளிய வருவ?" என்று கத்திக்கொண்டே சென்னப்பன் கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவள் நிற்கவில்லை. பக்கத்தில் வந்து அவர் தோளருகே குனிந்தாள். அவளுடைய மூக்கின் இரண்டு ஓரமும் சட்டென்று சுருங்கியதை அவர் பார்த்துவிட்டார். எத்தனை வீட்டு மூக்கைப் பார்த்தவர்.

"ஒண்ணுமே வரலியேப்பா" என்றாள் சுசித்ரா. "இந்தா, புடி."

சென்னப்பன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை வேட்டியில் துடைத்து, துடைத்ததையே மறுபடியும் துடைத்து, குழந்தையை வாங்கினார். அது கொட்டாவி விட்டது.

"மோந்து பாரேன்ப்பா, எப்பிடி இருக்குது வாசம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கண்ணை மூடி, குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "பால் வாசம்மா" என்றார். இன்னொரு முறையும் இழுத்தார்.