மூன்று கிலோ கூடுதல்

விசா வந்த வாரம் நான் செய்த முதல் வேலை, ராகலைக் கடைத்தெருவில் அலைந்து பிஸ்கட் வந்த வெறும் அட்டைப்பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டு வந்ததுதான். ஒவ்வொன்றின் மேலும் தடித்த பேனையால் எழுதினேன். சிலவற்றில் 'கொண்டு போவது', ஒன்றில் 'கொடுப்பது', மிச்சத்தில் 'அம்மா வீட்டில்'. விமானத்தில் எனக்கும் மகளுக்கும் தலைக்கு முப்பது கிலோதான். கொடுப்பதற்கென்று வைத்த பெட்டி பாதிகூட நிறையவில்லை. அம்மா வீட்டில் வைக்கும் பெட்டிகள் மூன்று நிறைந்து, நாலாவதைத் திறந்திருந்தேன்.

என் கணவர் நியூசிலாந்தின் தெற்கே ஒரு சின்ன நகரத்தில் சமையல் வேலை செய்கிறார். அதற்கு முன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இருந்தார். அவர் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அவர் போனதுமே டவுனில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, நானும் எட்டு வயது மகளும் கந்தப்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றான அம்மாவின் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டோம். வாசலை ஒட்டி இஸ்தோப்பு என்கிற முன்கூடம், அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால், நான் உயர்தரம் படிக்கும்போது அப்பா இழுத்துக் கட்டிய ஒரு காம்பரா. வீட்டில் அந்தக் காம்பராவுக்கு மட்டும்தான் பெரிய ஜன்னல். அப்பா இறந்து பல வருடமாகிவிட்டது. என் படிப்புக்காகக் கட்டியது என்பதால் அது என்னுடையது என்றே எப்போதும் நினைத்திருந்தேன். நான் டவுனில் குடியிருந்த காலத்திலும் அதில் என் மேசையும் புத்தக அலுமாரியும்தான் இருந்தன.

பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றார்.

"இதெல்லாம் எங்க போகுது?"

"எங்கயும் போகலம்மா. இங்கயேதான் இருக்கும். வரும்போது பாத்துக்கிறேன்."

"எப்ப வருவ?"

"ரெண்டு மூணு வருசத்துல."

"அதுவரைக்கும் நான் பெட்டிக்குக் காவல் இருக்கணுமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அந்த வருடம்தான் அவர் கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். விரல் நுனிகளில் கறை இன்னும் போகவில்லை.

"இங்க பாரு, எனக்கு இந்தக் காம்பரா வேணும். கல்யாணம் முடிஞ்சு வந்த நாள்ல இருந்து இஸ்தோப்புலதான் படுக்குறேன். யாரு வந்து கதவத் தட்டுனாலும் நான்தான் மொதல்ல எந்திரிச்சு பாய சுருட்டணும். இனிமே ஜன்னல் பக்கம் கட்டிலப் போட்டு, விடிஞ்ச பொறவும் கொஞ்ச நேரம் படுத்திருக்கப் போறேன். நீ போற நாளு வரைக்கும் ஒனக்கு. போன பொறவு எனக்கு."

எனக்குச் சுருக்கென்றது. மகள் நாடு விட்டுப் போகிறாள், அம்மா அறையைக் கேட்கிறாரே என்று தோன்றியது. அன்று பிற்பகல் கணவருடன் பேசும்போது அழுகையோடு சொன்னேன். அவர் சிரித்தார்.

"அத்தை கேக்குறது ஞாயந்தானே. நான் கொண்டுவந்த சாமான்ல பாதிய இன்னும் பிரிக்கவே இல்ல. உன்னையும் புள்ளையையும்தான் நான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன், பெட்டிய இல்ல."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பெட்டிகளை இஸ்தோப்பில் கொண்டுவந்து கவிழ்த்தேன். கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நான் பத்திரப்படுத்தி வைத்த பலவற்றை நானே பல வருடமாகத் தொட்டதில்லை. பூஞ்சணம் பிடித்த கைப்பைகள், மூடி இல்லாத பிளாஸ்க், வாழ்த்து அட்டைகள், மகளுடைய பால் போத்தல்கள். பாடசாலையில் படிப்பிக்கப் போகும்போது கட்டிய சேலைகள் மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தன. எங்கள் பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியை ஒருத்தி வந்து பன்னிரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டாள். அடுத்த நாளே அவற்றில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். என்னைவிட அவளுக்கு அது பொருத்தமாக இருந்தது. மகள் தன் பொம்மைகளை லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஒரு துணி யானையை மட்டும் காலையில் கொடுத்துவிட்டு மாலையில் போய் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

கொடுக்கக் கொடுக்க மனம் இலேசானது உண்மை. ஆனால் கொடுக்க மனம் வராததையெல்லாம் பயணப்பெட்டிக்குள் திணித்ததும் உண்மை. அதில் ஐந்து தடித்த சீ.ஆர். கொப்பிகளும் இருந்தன. பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தபோது நான் எழுதிச் சேர்த்த குறிப்புகள். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், அந்த இடத்தை எப்படிச் சொன்னால் புரியும் என்று சிவப்பு மையால் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். அந்த ஊரில் யாரும் என்னைத் தமிழில் கணிதம் படிப்பிக்கக் கேட்கப் போவதில்லை. அது தெரிந்தும் சேலைகளுக்கு நடுவில் அவற்றை வைத்தேன். அங்கே போய் நான் யார் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பது போல ஒரு பயம்.

பெட்டியின் எடையைப் பார்க்க வீட்டில் வழியில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் அம்மா. குறுக்குப் பாதையில் ஆளுக்கு ஒரு பெட்டியாகத் தூக்கி இறங்கினோம். தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடைசி நிறுவை முடியும் நேரம். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வரிசையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை முதலில் கொழுந்தை முடித்துவிட்டு, எங்களைக் கூப்பிட்டார்.

மகளுடைய பெட்டி இருபத்தெட்டு. என்னுடையதைக் கொக்கியில் மாட்டியதும் முப்பத்து மூன்று காட்டியது.

"மழ நாளு ஐயா, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிங்க," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"கூடைக்கு ஒரு கிலோ," என்றாள் இன்னொருத்தி. "முப்பதுதான் வருது. டீச்சர் நல்லபடியா போயிட்டு வாங்க."

நிறுவையில் தினமும் தங்களுக்குக் கழிக்கப்படுவதைத்தான் சொன்னார்கள். மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். "என் தராசுல கழிச்சிரலாம். ஏர்போட்டு தராசுல யாரு கழிக்கிறது?"

அங்கேயே பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. பிரஷர் குக்கர், கல்யாண அல்பம், கம்பளி, சேலைகள், கொப்பிகள் எல்லாம் சிமெந்துத் தரையில் விரித்த சாக்கின் மேல் வந்தன. பெண்கள் சுற்றி நின்று, எதை விடலாம் எதை எடுக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்போது எங்கள் லயத்தில் நாலாவது வீட்டுக்காரி முன்னால் வந்தாள். அவளும் நானும் ஒன்பதாம் வகுப்பு வரை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். அவளுடைய அம்மா நோயில் விழுந்ததும் படிப்பை நிறுத்தி, தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போய்விட்டாள். நான் ஆசிரியையான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்டதில்லை.

"இந்தக் கொப்பியெல்லாம் அங்க எதுக்குங்க டீச்சர்?"

"சும்மா, எடுத்து வைக்கத்தான்."

"அப்படின்னா எனக்குத் தருவீங்களா?"

"மகளுக்கா? அவ இப்பதானே ஆறாம் வகுப்பு?"

"அவளுக்கு இல்ல. எனக்குத்தான். பிள்ளைக்காம்பராவுல ஒரு ஆளு எடுக்கப் போறாங்களாம். பதினோராம் வகுப்பு ஓ.எல். பாஸாகியிருக்கணுமாம். வெளியில இருந்தே எழுத சோதனைக்குப் போட்டிருக்கேன். மத்ததெல்லாம் நானே வாசிச்சுக்கிருவேன். கணக்குதான் பயமா இருக்கு."

தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சோதனைக்குப் போட்டிருப்பது அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

உடனே எடுத்துக் கொடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் "பாப்போம்" என்றேன். குக்கரையும் அல்பத்தையும் வெளியே எடுத்துவிட்டு, கொப்பிகளைத் திரும்ப உள்ளே வைத்து மூடினேன். எடை சரியாக வந்தது. அவள் சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி ஏறும்போது அம்மா மகளின் பெட்டியைத் தலையிலும் குக்கரைக் கையிலும் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தப் புள்ள வாயத் தொறந்து ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டு நான் பாத்ததே இல்ல."

மறுநாள் காலை, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போக அவள் புறப்படுவதற்கு முன்னால், ஐந்து கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு நாலாவது வீட்டுக் கதவைத் தட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். முதல் கொப்பியைத் திறந்து, சிவப்பு மையில் எழுதியிருந்ததை வாசித்தாள். "இது டீச்சர்மாருக்கு எழுதினதுதானே?" என்றாள்.

"ஆமா. அதனால நான் சொல்லிக்குடுத்தாத்தான் வெளங்கும். அந்தி வேலை முடிஞ்சதும் வா."

நான் போக மூன்று வாரம் இருந்தது. அவள் ஒரு நாளும் தவறவில்லை. மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, தன் மகளுடைய பழைய கொப்பியின் மிச்சத் தாள்களோடு என் மேசைக்கு வருவாள். மனக்கணக்கில் என்னைவிட அவள் வேகம். நூற்று வீதம் என்று நான் விளக்கத் தொடங்கியபோது, "தண்ணிக்குக் கழிக்கிறதுதானே, இது எனக்குத் தெரியும்," என்று என் பேனையை வாங்கி இரண்டு வரியில் முடித்துவிட்டாள். கேத்திர கணிதம்தான் அவளை அழ வைத்தது. ஒரு நாள் தேற்றம் ஒன்றை நான்காவது தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். "மெதுவா சொல்லுடி, நீ அப்பவும் இப்படித்தான் ஓடுவ," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. இருவரும் குனிந்து சிரித்தோம். அன்றிலிருந்து 'டீச்சர்' போய்விட்டது.

குக்கர் பயணப்பெட்டிக்குத் திரும்பியது. கொப்பிகள் இருந்த இடம் அதற்குச் சரியாக இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா பழைய பல்தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் உட்கார்ந்து எங்கள் சப்பாத்துகளின் அடியைத் தேய்த்தார். சப்பாத்தில் மண் ஒட்டியிருந்தால் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று கணவர் சொல்லியிருந்தார்.

"அப்படி என்னா ஊரு அது, மண்ணுக்குக்கூட விசா கேக்குறது," என்றார் அம்மா. ஆனாலும் ஒரு ஊசியை எடுத்துக் குறுக்குக் கோடுகளுக்கு இடையில் இருந்ததையும் தோண்டி எடுத்தார்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் சப்பாத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, புதிதா என்று கேட்டார். ஐந்து வருடமாகப் போடுவது என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, அவர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கணவர் எடுத்திருந்தது பலகை வீடு. குளிர் எங்கள் மலைக் குளிர் போலத்தான், காற்றுதான் கொஞ்சம் முரடு. முதல் மாதம் வீட்டில் ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் இரண்டு மெத்தைகளும் மட்டுமே இருந்தன. தேடினால் கிடைக்காத பொருள் என்று எதுவும் இல்லை, ஏனென்றால் தேடுவதற்கு அதிகம் எதுவுமே இல்லை. மகள் வெறும் அறையில் சறுக்கி விளையாடினாள். பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரியான பக்கத்து வீட்டு அம்மா ஒரு சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் குக்கரில் பருப்பு அவித்து அதே சட்டியில் திருப்பி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், எனக்கு இரவுச் சாப்பாடு முடிந்ததும், அவளுக்கு அங்கே பிற்பகல். வீடியோ அழைப்பில் பாடம் நடக்கும். லயத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அம்மாவின் ஜன்னலருகில்தான். அதனால் அவள் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை ஜன்னலில் சாய்த்து வைப்பாள்.

"எனக்குன்னு ஒரு காம்பரா கேட்டேன். இப்ப அதுல பள்ளிக்கூடம் நடக்குது," என்று பின்னால் அம்மாவின் குரல் கேட்கும். ஆனால் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடியேதான் சொல்வார். எழுந்து இடம் கொடுக்க மாட்டார். எனக்கு அது நிறைவாக இருந்தது.

சோதனை நடந்தது. மாதங்கள் கழித்து முடிவு வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். ஒரு பல்பொருள் அங்காடியில் தட்டுகளில் சாமான் அடுக்கும் வேலை. இடைவேளையில் போனை எடுத்தபோது, அவள் முடிவுத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஆறு பாடமும் சித்தி. கணிதத்துக்குத் திறமைச் சித்தியான 'சீ'. டின் பெட்டிகள் அடுக்கிய வண்டியில் கையூன்றி நின்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே வேலை செய்யும் ஒரு பெண் என்ன என்று கேட்டாள். என் மாணவி பாஸாகிவிட்டாள் என்றேன்.

"நீ டீச்சரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்," என்றேன்.

அடுத்த மாதம் அவளைப் பிள்ளைக்காம்பராவுக்கு உதவியாளராக எடுத்தார்கள். இப்போது இருபது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கொப்பிகள் அவளிடமிருந்து பக்கத்துத் தோட்டத்தில் இதே சோதனைக்குப் போட்டிருக்கும் இரண்டு பெண்களிடம் போயிருக்கின்றன.

எனக்கு இங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய ஆங்கிலச் சோதனை ஒன்று எழுத வேண்டும். அதற்குப் பணம் கட்டிவிட்டேன் என்பதை அவளிடம் சொன்னது தப்பாகப் போய்விட்டது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வருகிறது. போன வாரம் தூளியில் பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆட்டிக்கொண்டே பேசினாள்.

"இந்தக் கிழம படிச்சியா?"

"நேரமே இல்லடி."

"நான் மலைக்குப் போயிட்டு வந்து படிச்சேன். நீ எங்க போயிட்டு வர்ற?"

புத்தகத்தை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். எத்தனாம் பக்கம் என்று கேட்டாள்.