ஆர்டிஸ் மாற்றிய குழாய்

லெம்ஹை ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆர்டிஸ் குவெனல் கட்டிக் கொடுத்த தோட்டா குறி தப்பினால் சுட்டவனைத்தான் திட்டுவார்கள். தோட்டாவை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கடைத் தோட்டா வாங்குகிறவர்கள் அதை வெளியில் சொல்லக்கூடக் கூச்சப்படுவார்கள். ஆர்டிஸ் காசு வாங்கமாட்டாள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தால், புது வெடிமருந்து நிரப்பி, குண்டு பொருத்தி, டப்பாவில் வரிசையாக அடுக்கித் தருவாள். பதிலுக்கு மான் தொடையோ, நாலு புட்டி ஹக்கிள்பெர்ரிப் பழ ஜாமோ வரும். கூடவே அவளுடைய வாயையும் கேட்டுக்கொண்டு போகவேண்டும். களிம்பேறிய கூட்டைக் கொண்டுவந்தவனிடம், "இத உன் கல்லறையில வைக்கிறதுக்கா கேக்கிற?" என்பாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மருந்து அளக்கும் கருவிகள் மூன்றை மேசையோடு திருகி வைத்திருந்தாள். மேலே குப்பி, நடுவில் உருளை, பக்கத்தில் கைப்பிடி, கீழே குழாய். கைப்பிடியை ஒரு முறை ஏற்றி இறக்கினால் ஓர் அளவு மருந்து கூட்டுக்குள் விழும். குட்டி உருண்டைகளாக வரும் மருந்து எந்தக் கருவியிலும் தண்ணீராக ஓடும். நறுக்கிய குச்சிகளாக வரும் மருந்துதான் படுத்தி எடுக்கும். உருளையின் விளிம்பில் சிக்கிக்கொண்டு 'நறுக்'கென்று அறுபடும், அளவும் முன்பின்னாகும். அதற்காகவே மூன்றாவது கருவியை வாங்கி, பழைய பீச் பழ டின்னை வெட்டி ஒரு தகடு செய்து, இரண்டு ஓட்டை போட்டு, குப்பிக்குள் குறுக்கே வைத்தாள். மேலே இருக்கும் மருந்தின் கனம் கீழே அழுத்தாமல் அந்தத் தகடு தாங்கிக்கொண்டது. குப்பி நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் ஒரே அளவு விழுந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி வெட்டிக்கொண்டார்கள். ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு இன்றுவரை கோபம்.

எல்லாம் சரி, கண் மட்டும் சரியில்லை. மூன்று வருடமாக எதைப் பார்த்தாலும் பால் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலையை விட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தாள். சொன்ன பொய்க்கு மரியாதை செய்ய, கடைத்தெருவில் நடக்கும்போது கொஞ்சம் நொண்டவும் செய்தாள். மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரியும். கண் தெரியாதவளிடம் யார் கூட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? அந்தப் பயத்தைக் கணவன் வெண்டலிடம்கூட அவள் சொல்லவில்லை.

மருந்து நிரப்பியதும் கூடுகள் நிற்கும் பலகையை விளக்கடியில் பிடித்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து, மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஊருக்கே அவள் போட்ட சட்டம் அது. அவளே அதைச் செய்து மூன்று வருடம் ஆகிறது. பார்த்தாலும் இருட்டுதான் தெரியும். எல்லாவற்றையும் கைக்கு விட்டுவிட்டாள். கைப்பிடி எங்கே இறுகுகிறது, எங்கே நறுக்கென்கிறது என்று கை சொல்லும், அதை அவள் நம்புவாள்.

அந்த அக்டோபரில் தம்பி ராய்ஸின் மகள் டாம்சினுக்கு இருபது தோட்டா வேண்டும் என்று சேதி வந்தது. டாம்சினுக்கு இருபத்தாறு வயது, மரம் அறுக்கும் ஆலையில் வேலை. அவளுடைய துப்பாக்கிக்குக் கழுத்து ஒடுங்கிய சிறிய கூடு. அதற்கேற்ற ஒல்லிக் குழாய் வேண்டும். கடையில் பித்தளைக் குழாயும் இருந்தது, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயும் இருந்தது. ஆர்டிஸ் பிளாஸ்டிக்கை எடுத்தாள். பின்னால் விளக்கை வைத்தால் கறுப்பாக மருந்து இறங்குவது அவளுக்கும் நிழலாகத் தெரியும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தாள். குழாயின் வாய் பொருந்தாமல் போகவே அரத்தால் ராவி, கருவியில் மாட்டினாள். முதல் நாலைந்து கூட்டுக்கு நிழலைப் பார்த்தாள், பிறகு வழக்கம்போல் கையை நம்பினாள். இருபதையும் நிரப்பி, நிரப்பிய வரிசையிலேயே டப்பாவில் அடுக்கிக் கொடுத்துவிட்டாள்.

வேட்டைக்காலம் தொடங்கும் சனிக்கிழமை காலை, வேறொருவருக்காக அதே குழாயில் இரண்டு கூடு நிரப்பிவிட்டு மூன்றாவதை வைத்தாள். கைப்பிடியை இறக்கினாள். நிழல் பாதியில் நின்றது. குழாயைச் சுண்டினாள். தொங்கிக்கொண்டிருந்த குச்சிகள் பொலபொலவென்று விழுந்தன.

கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். விறகடுப்பு எரியும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும், கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே படபடவென்று பொறி பறக்கும். புது பிளாஸ்டிக் எதை வாங்கினாலும், துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் மெல்லிய தாளால் முதலில் துடைத்தெடுக்கவேண்டும். இல்லையென்றால் தலை வாரிய சீப்பு காகிதத்தை இழுப்பதுபோல் அது மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குப்பியைத் துடைத்தது நினைவிருக்கிறது. குழாயைத் துடைத்தது நினைவில் இல்லை. அன்றைக்கு ஒரு கூட்டுக்குக் குறைவாக விழுந்திருந்தால், அடுத்த கூட்டுக்கு அந்த மிச்சமும் சேர்ந்து விழுந்திருக்கும். அந்த அடுத்ததைச் சுட்டால் டாம்சினின் கன்னத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கும்.

வெண்டல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். "வண்டிய எடு. ராய்ஸ் கூடாரத்துக்குப் போகணும். டப்பா மாறிப் போச்சு," என்றாள். தராசையும், குண்டு பிடுங்கும் சுத்தியலையும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். டப்பா மாறியதற்குத் தராசு எதற்கு என்று வெண்டல் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் கல்பாதையில் ஓட்டினார்.

ராய்ஸ் வேட்டைக்காக மலையில் போட்டிருந்த கூடாரத்தின் வாசலில் பன்றிக்கறி வதக்கிக்கொண்டிருந்தான். "என்னக்கா, மூட்டுவலிய வச்சுக்கிட்டு இவ்ளோ தூரம்?"

"டாம்சின் எங்க?"

"மேட்டு மேல. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டா. இந்த வருஷம் கொம்பு இல்லாம திரும்பமாட்டாளாம்."

"டப்பா மாத்திக் குடுத்துட்டேன்டா. வேற ஆளோடது."

"அளவு ஒண்ணுதானே? உன் தோட்டா எதுவா இருந்தா என்ன. உக்காரு, காபி ஊத்தறேன்."

பொய் அவ்வளவு தூரம்தான் வந்தது. ஆர்டிஸ் வெண்டலைப் பார்த்தாள். அவர் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"டப்பா மாறல. மருந்து தப்பாப் போயிருக்கும். ஒண்ணுல கூடுதலா விழுந்திருக்கலாம். ஹாரன அடி."

ராய்ஸ் சிரித்துவிட்டான். "உன் தோட்டாவுலயா? மொதல் நாள் காலையில ஹாரன் அடிச்சா இந்தப் பள்ளத்தாக்குல ஒரு மானு நிக்காது. அஞ்சு கூடாரத்துக்காரனும் வந்து என்ன உதைப்பான்."

அவள் அவனோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. தடுமாறிப் போய் வண்டியின் கதவைத் திறந்து ஹாரனில் கையை வைத்தாள். நீளமாக மூன்று தடவை. அந்த மலையில் அதற்கு ஒரே பொருள்தான்: யாருக்கோ அடிபட்டிருக்கிறது, உடனே திரும்பு. எதிர்ச்சரிவிலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தையில் கத்தினான். அவள் இன்னொரு மூன்று அடித்தாள்.

டாம்சின் கூடாரத்தில் விட்டுப்போன டப்பாவில் பதினைந்து மிச்சம் இருந்தன. கடைசி வரிசை ஐந்தை டாம்சின் எடுத்துப் போயிருந்தாள். "முழுசா நிறுத்துப் பாத்தா ஒண்ணும் தெரியாது, கூடே ஒவ்வொண்ணும் ஒரு எடை. குண்டப் பிடுங்கி மருந்த மட்டும் நிறுக்கணும்," என்றாள் ஆர்டிஸ். முதலாவதைச் சுத்தியலின் குடைந்த தலைக்குள் மாட்டிக் கல்லில் தட்டி, மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினாள். பிறகு தராசை ராய்ஸ் பக்கம் தள்ளினாள்.

"நீ படி."

"ஏன், நீ பாக்கமாட்டியா?"

"எனக்குத் தெரியலடா. கோடு தெரியல, முள்ளு தெரியல. உன் மூஞ்சியே தெரியல."

ராய்ஸின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு அவன் குனிந்து படித்தான். ஒன்று சரி, இரண்டு சரி. பதினான்கு வரைக்கும் முள் கோட்டை விட்டு அசையவில்லை. ராய்ஸுக்கு முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா? உன் கை தப்பாதுக்கா." பதினைந்தாவதைக் கொட்டியதும் முள் கோட்டுக்குக் கீழே இறங்கி நின்றது. அவன் தட்டை எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் இறங்கியது.

பதினைந்தில் குறைந்தது பதினாறில்தான் இருக்கும். பதினாறு டாம்சினிடம் இருந்தது. ராய்ஸ் ஓடிப்போய் ஹாரனை அழுத்தினான்.

அப்போதுதான் மேட்டுப்பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. வெண்டல் வந்து ஆர்டிஸின் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் பாதையையே பார்த்தபடி நின்றார்கள், ஆர்டிஸ் பாதை இருக்கவேண்டிய பக்கத்தை. முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, தன் பெயர் போனால் போகட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

டாம்சின் மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "யாருக்கு அடி? அப்பா, நீ நல்லாத்தானே இருக்க? மொத அடிச்சது காத்துல கேக்கல, அப்புறம் அடிச்ச ஹாரனக் கேட்டதும் மான் ஓடிப் போயிடுச்சு. கொம்பு இவ்ளோ. குழல்ல தோட்டா ஏத்தி, விரல வச்சுட்டேன். பக்கத்து மேட்டுக்காரன் அத அடிச்சுட்டான்."

ராய்ஸ் அவளைக் கட்டிப் பிடித்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. துப்பாக்கியை வாங்கி, குழலில் இருந்ததைத் தனியாக எடுத்து, கல்லில் தட்டிக் கொட்டினான். முள் மேலே ஏறி முட்டிக்கொண்டு நின்றது.

"இதுதான்," என்றான்.

விஷயத்தை வெண்டல் சொன்னார். டாம்சின் தட்டில் கிடந்த மருந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை, திட்டவுமில்லை. "எத்தன நாளா கண்ணு தெரியல அத்தை?" என்றாள்.

"மூணு வருஷமா."

"மாமா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் வெண்டல். "பேப்பரத் தலகீழாப் புடிச்சிருந்தா. அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

ஆர்டிஸுக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தான் நொண்டி நொண்டி நடந்ததையெல்லாம் இந்த மனுஷன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அந்தக் குழாயில வேற யாருக்குக் கட்டினீங்க?" டாம்சின் கேட்டாள்.

"குழாய் புதுசு. அதுல கட்டி வெளிய குடுத்தது உனக்கு மட்டுந்தான்." அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தவில்லை. "ஆனா மத்ததையும் நான் பாக்கல. ஒரு கூட்டுக்குள்ளயும் பாக்கல. நல்லா இருக்குன்னு சத்தியம் பண்ண முடியாது."

"இந்த வருஷம் எத்தன வீட்டுக்கு?"

"பதினேழு."

டாம்சின் காலி டப்பாவின் மூடியைக் கிழித்துப் புரட்டி, சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்தாள். "சொல்லுங்க, எழுதறேன். இன்னைக்கே கூடாரம் கூடாரமாப் போயிடலாம்."

"மேரியன் ஸ்டூட்லி," என்றாள் ஆர்டிஸ். "அப்புறம் கிரேலாண்ட் வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும். ரெண்டு டப்பா."

அன்று வேட்டையின் முதல் நாள். அந்தப் பதினேழு வீட்டுக்காரர்களும் மலையில்தான் இருந்தார்கள். கீழ்ப்பக்கத்து ஓடைச்சரிவில் எங்கோ ஒரு வெடி கேட்டது. ஆர்டிஸ் வாயை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அதற்குப் பிறகு ஏதாவது கத்தல் வருகிறதா என்று கேட்டாள். வரவில்லை. அடுத்த பெயரைச் சொன்னாள்.